உதிரிப் பழம் பொறுக்கிய அக்கா

குடும்பம், குடும்பம் என்று யாராவது உருகிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அக்காவைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் வராது?

அக்கா சுங்கை லாலாங் பக்கம் எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். அத்தானுக்குக் குலை வெட்டும் வேலை. குலை தரையில் விழும்போது பழங்கள் நாலாபக்கமும் சிதறும். அதையெல்லாம் பொறுக்கிச் சாக்கில் கட்டினால்தான் அன்றைய வேலை முடியும். ஒற்றை ஆளால் நடக்கிற காரியமா அது? தோட்டத்துக்கும் தெரியும். அதனால் வெட்டுகிறவன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குப் போவது அங்கே வழக்கம். பேர் அவனுடையது, சம்பளமும் அவனுக்குத்தான். கேட்டால், "புருசனுக்கு ஒத்தாசைதானே லா" என்பார்கள்.

குருண் பட்டணத்தில் நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் ஒரு தொழிற்சங்கக் கூட்டம். பேச வந்தவர் மார்க்சியவாதி. சக்கையாக வீடு திரும்புகிறவனுக்குச் சோறு போட்டு, துணி துவைத்து, மறுநாள் வேலைக்கு ஆளாக்கி அனுப்புவது குடும்பம்தான் என்றார். நாளைய தொழிலாளியைப் பெற்று வளர்ப்பதும் அதுதானாம். இதற்கு முதலாளி சல்லிக் காசு கொடுப்பதில்லை, அன்பு என்று சொல்லிவிட்டால் யாரும் கூலி கேட்க மாட்டார்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயா, எங்கள் அக்கா அதையெல்லாம் விடியுமுன் முடித்துவிட்டுக் காட்டுக்கும் அல்லவா போகிறாள்!

போன வருஷம் அத்தான் வெட்டிய மட்டை விழுந்து, அதன் முள் அக்காவின் இடது கண்ணில் ஏறிவிட்டது. சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில், பார்வை இனித் திரும்பாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீடு கேட்க, நானும் அத்தானும் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். கணக்கெழுதும் கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க சம்சாரம் நம்ம ஆளே இல்லையே. காட்டுல அவங்களுக்கு என்ன வேலை?"

நான் அத்தானைப் பார்த்தேன். "சாப்பாடு குடுக்க வந்தா" என்றார் மனுஷன்.

அடப்பாவி! எதிர்த்துப் பேசினால் தோட்டம் கொடுத்த வீடு பறிபோய்விடுமோ என்ற பயம். பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து பக்கத்திலேயே குனிந்து பொறுக்கியவளை ஒரே வார்த்தையில் துடைத்துப் போட்டாரே, அதை எப்படி ஜீரணிப்பது? வீட்டுக்கு வந்து அதை அக்காவிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் காட்டுக்குப் போகவில்லை. அத்தான் தனியாகத் திண்டாடினார். உதிர்ந்த பழம் மரத்தடியிலேயே அழுகியது. ஒரு சாயங்காலம், வேலையை மேற்பார்க்கும் மண்டோர், அக்கா வீட்டு வாசலில் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"என்னக்கா, எப்ப வேலைக்கு வர்றீங்க?"

வேலையாம்! இழப்பீடு கேட்டபோது இல்லாத வேலை, பழம் அழுகியதும் எங்கிருந்து முளைத்ததாம்? நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து வந்தாள்.

"என் பேரைப் பதிஞ்சிட்டு வந்து கூப்பிடுங்க, வர்றேன்."

மண்டோர் அத்தான் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்."

அத்தான் குரலைத் தாழ்த்தி, "குடும்பத்தக் கொஞ்சம் நெனச்சுப் பாரு" என்றார்.

"நெனச்சு நெனச்சுத்தான் ஒரு கண்ணு போச்சு," என்றாள் அக்கா. "மிச்சமிருக்கறது எனக்கு வேணும்."