பஹியாவின் அடுப்புக்குக் கீழே

எகிப்தில் குர்னா மலைச்சரிவில் வீடு கட்டிய எல்லோருக்கும் ஒன்று தெரியும். தரைக்கடியில் மூவாயிரம் வருஷத்துப் பிணம் படுத்திருந்தால் படுத்திருக்கட்டும். அரசாங்கத்துக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பிணத்துக்கு வீடு, நமக்கு வீதி.

பஹியா விதவை. மகன் நூபி கெய்ரோவில் கொத்து வேலை பார்க்கிறான். அவளுக்கென்று மிஞ்சியது அந்த மண் வீடு ஒன்றுதான். ரொட்டி அடுப்பு இடிந்துபோக, புதிதாகக் கட்ட அதே இடத்தைத் தோண்டினாள். ஒன்றரை முழத்தில் கல்படி தட்டியது. அதற்குக் கீழே இன்னொரு படி. பிறகு ஓர் ஓட்டை. உள்ளேயிருந்து வௌவால் நாற்றம் அடித்தது.

ஓட்டையை அடைக்கப் பெரிய கல் வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. அகழாய்வில் மண்கூடை சுமக்கும் தம்பி பகீத்தைக் கூப்பிட்டாள்.

"யாருகிட்டயும் மூச்சு விடாதடா."

"என்னக்கா இது? உன் கையால ரொட்டி தின்னு வளந்தவன் நான்."

"தின்ன வாய்தான்டா ஊரெல்லாம் பேசும். அப்பா கல்லறை மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான். இருவருமாக அடைத்து, மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசி, மேலே அடுப்பைக் கட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து தொல்பொருள் அதிகாரி வந்தார், இரண்டு போலீஸ்காரர்களோடு.

"பஹியா, நல்லா இருக்கியாம்மா? அந்தப் புது அடுப்பைக் கொஞ்சம் இடிக்கணும்."

அவளுக்கு அடுப்பு போகப்போவது உறைக்கவில்லை. பெயர்தான் உறைத்தது. ஊருக்கு அவள் நூபியின் அம்மா. வீட்டுப் பெண்ணின் பெயரை அந்நிய ஆணிடம் எவனும் சொல்ல மாட்டான், சொன்னால் வெட்டுக்குத்து. பெற்றவர்களும் புருஷனும் மண்ணுக்குள் போயாயிற்று. மகன் அம்மா என்றுதான் கூப்பிடுவான். அவள் பெயர் தெரிந்த வாய் இன்னும் ஒன்றுதான் பாக்கி. அந்த வாய்க்குச் சொந்தக்காரன் போலீஸ்காரர்களுக்குப் பின்னால் நின்று தலைப்பாகையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அது முதலிலேயே சரியாகத்தான் இருந்தது.

பத்து நாள் தோண்டினார்கள். தங்கம் ஒரு குன்றிமணி கூட இல்லை. சுவரில் சித்திரம் மட்டும். "அற்புதம்" என்றார் அதிகாரி. அந்த அற்புதத்துக்காக வீட்டை இடிக்க உத்தரவு வந்தது. பஹியாவுக்குச் சமவெளியில் ஒரு சிமெண்ட் அறை. கல்லறைக்குக் காவல்காரன் பகீத்.

"எப்படியும் ஒருநாள் கண்டுபிடிச்சிருப்பாங்கக்கா. நம்மாளே காவல் இருக்கட்டுமேன்னுதான்..."

"ஆட்டுக்கு ஓநாய் காவலா? வீட்டைக் காட்டிக்குடுத்த, சரி. பேரையுமாடா தூக்கிக் குடுப்ப? அதுக்குத்தான் அந்தப் பித்தளைப் பொத்தானா?"

காக்கிக் கோட்டின் பொத்தானை அவன் கையால் மறைத்துக்கொண்டான்.

கிளம்பும் நாளில் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக் கொடுக்க வந்தான். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. அவன் கிட்டே வந்ததும் பஹியா கறுப்புத் துணியை இழுத்து, ஒரு கண் மட்டும் தெரிய முகத்தை மூடினாள்.

"ஏன்டி மூடுற? உன் தம்பிதானே!" என்றாள் எதிர்வீட்டு ஃபர்ஹானா.

"யாரோ ஆம்பளை நிக்கிறாரு. தள்ளி நிக்கச் சொல்லு, வண்டி போகணும்."