பால் ஊறும் என்று குடித்தவள்

சலவைக் கடையில் இஸ்திரி போடும் அவளுக்குப் பிள்ளை பிறந்ததும், மூத்த நாத்தனார் பீர் பாட்டிலோடு வந்தாள். "தினம் ஒரு கிளாஸ் குடி, பால் தானா ஊறும்" என்றாள். போகப் போக கிளாஸ் பாட்டிலானது. குழந்தையோ பால் குடிக்கத் தொடங்கியதுமே கண் சொருகித் தூங்கிவிடுவான். "தங்கமான பிள்ளை, அழவே மாட்டான்" என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டாள்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் குழந்தையைத் தூக்கிப் பார்த்தாள். "கழுத்து இன்னும் நிக்கலையே, எடையும் ஏறலை. நீங்க ஏதாவது குடிக்கிறீங்களாம்மா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"அது பாலைக் குறைக்கத்தான் செய்யும். பால் வழியா பிள்ளைக்கும் போகும்" என்றாள் நர்ஸ்.

அன்றோடு நிறுத்தினாள். சாயங்காலமானால் குடிக்கும் நினைப்பு வந்து யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாள்.

"நாங்கல்லாம் குடிச்சுப் பிள்ளை வளர்க்கலையா?" என்று நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாம் அண்ணி, விட்டுடுங்க."

குழந்தை பசித்து அழத் தொடங்கினான், வீடே இரண்டுபட்டது. பாலும் கூடியது.

பையன் தாமதமாகத்தான் நடந்தான், அதைவிடத் தாமதமாகப் பேசினான். "நான் குடிச்சதனாலதானா?" என்று நர்ஸிடம் கேட்டாள். "உறுதியா சொல்ல முடியாதும்மா" என்று பதில் வந்தது.

இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான், பேச்சுக்குக் குறைவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் அவளால் விட முடியவில்லை.