காற்றாலை கரண்டும் என் ரோஸ் ஹேங்கர்களும்

வாசலில் வந்து நின்று யார் சிரித்தாலும் எதையாவது வாங்கிவிடுகிற ரகம் நான். இரண்டு பொட்டலம் சோப்புத்தூள் இனாம் என்றதற்காக, படிக்காத செய்தித்தாளுக்கு வருடச் சந்தா கட்டியவள். வீட்டுக் கரண்டை எந்தக் கம்பெனியிடமும் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சொன்னதும் எனக்குக் கேட்கவா வேண்டும்! முதலில் கேஸ் விற்கிற கம்பெனிக்குத் தாவினேன். பிறகு புள்ளிகள் தருகிறார்களே என்று போன் கம்பெனிக்கு. சேர்த்த புள்ளிகளுக்கு ஒரு வாணலி வந்தது. அதன் கைப்பிடி ஆடியது. அடுத்து நான் போய்ச் சேர்ந்த கம்பெனி கடையையே மூடிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு பழைய கம்பெனிக்கே திரும்பினேன்.

இந்தக் கூத்தையெல்லாம் எதிர்க்கடையிலிருந்து பார்த்தவள் மிட்சுயோ அக்கா. அவளுடையது சோயாப் பாலை உறையவைத்துச் செய்கிற டோஃபுக் கடை, என்னுடையது லாண்டரி. நடுவில் ஒரு கார் மட்டும் போகிற சந்து. தினமும் சாயங்காலம் இருவரும் சேர்ந்து பொதுக் குளியலறைக்குப் போவோம். ஒருத்தி முதுகை இன்னொருத்தி தேய்த்துவிடுவோம். ஜப்பானின் இந்த அகிதா கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, நான் மனம்விட்டுப் பேச இருப்பவள் அவள் ஒருத்திதான்.

"அடியே ஹிசானோ, இனிமே கம்பெனி மாத்துனே, நடக்கறதே வேற" என்றாள் அக்கா ஒருநாள், என் முதுகில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே. "உன் கம்பெனி படுத்தா இந்தச் சந்தே படுக்கும். சோயா அரைக்கிற மிஷின் பாதியில நின்னா, அன்னிக்கு என் பொழப்பு சாக்கடைக்குத்தான்."

"சத்தியமா மாத்த மாட்டேன்க்கா" என்றேன்.

அந்தச் சத்தியம் அடுத்த மாதம் வரை தாங்கியது. குசுநோகி என்று ஒரு பையன் வந்தான். கன்னத்தில் குழி. நம் கடற்கரையில் சுற்றுகிற காற்றாலைகளின் படத்தைக் காட்டினான். அதிலிருந்து வருகிற பசுமை மின்சாரமாம். புகையில்லை, கரியில்லை, விலை மட்டும் கொஞ்சம் கூடுதல். நான் இழுத்தேன். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா இந்தப் பூமி பொழைச்சுக்கும்மா" என்றான். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பச்சை நிறத்தில் ஒரு ஸ்டிக்கரும் கொடுத்தான்: 'இந்தக் கடை காற்றில் ஓடுகிறது.' வாசலில் ஒட்டினால் அக்கா தோலை உரித்துவிடுவாள். ஆகவே துணி அலமாரிக்குள் ஒட்டிவைத்து, அவ்வப்போது திறந்து பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

"அலமாரிக்குள்ள என்ன, சாமியா இருக்கு?" என்று என் வீட்டுக்காரர் யோஷிரோ கேட்டார்.

வாசலில் ஒட்ட என்னிடம் வேறொரு அறிவிப்பு இருந்தது. இந்த ஊரிலேயே ரோஸ் நிறக் கம்பி ஹேங்கர் வைத்திருக்கும் ஒரே லாண்டரி என்னுடையதுதான். அதில் எனக்கு எத்தனை கர்வம் தெரியுமா? வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்பி வருபவற்றைக் கழுவிக் கொல்லைக் கழியில் காயவைப்பேன். சில நாளாக அவை குறைந்துகொண்டே வந்தன. கோபத்தில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டினேன்: 'நேர்மையான வாடிக்கையாளர்கள் ஹேங்கரைத் திருப்பித் தருவார்கள்.' யார் நேர்மையைப் பற்றி எழுதுவது என்று விவஸ்தை வேண்டாமா? எனக்கு அது கிடையாது.

மார்ச் மாதத்தில் ஒரு விடிகாலை. பிசுபிசுவென்று தூறல். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். டப்பென்று விளக்கு அணைந்தது. எதிரே அக்காவின் மிஷின் சத்தமும் நின்றது.

கொல்லைக்கு ஓடிப் பார்த்தேன். ஓர் இலைகூட அசையவில்லை. தூரத்தில் கடற்கரைக் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றுகூடச் சுற்றவில்லை.

"ஏங்க! காத்து நின்னுபோச்சுங்க!" என்று அலறினேன்.

"அதுக்கு ஏன்டி அழறே?" என்றார் அவர். கம்பெனி மாறியதை அவரிடமும்தானே சொல்லவில்லை.

எதிர்க்கடையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "போச்சு! எல்லாம் போச்சு!"

மன்னிப்புக் கேட்கக் கையை வீசிக்கொண்டு போக முடியுமா? தெருக்கோடி இனிப்புக் கடையைத் தட்டினேன். கடைக்காரம்மா டார்ச்சோடு வந்தாள்.

"மன்னிப்புக்கா? பெரிய பெட்டியா, சின்னதா? தப்பு எவ்வளவு பெருசு?"

"சந்து முழுக்க" என்றேன். பயறுப் பூரணம் வைத்ததில் பெரிய பெட்டியாக எடுத்துக் கட்டிக்கொடுத்தாள்.

அக்கா பாதி அரைத்த சோயாவின் முன்னால் முழங்கை வரை நுரையோடு நின்றாள். பெட்டியை இரு கைகளாலும் நீட்டி, இடுப்பு ஒடியக் குனிந்தேன். "அக்கா, நான்தான்க்கா கரண்டை நிறுத்துனேன். காத்தாலைக்கு மாறிட்டேன். காத்து நின்னுபோச்சு."

அவள் பெட்டியைத் தொடவில்லை. "எப்ப மாறினே?"

"இலையுதிர் காலத்துல."

"அப்ப, குளிர்காலம் பூரா என் முதுகைத் தேய்ச்சுக்கிட்டே பொய் சொன்னியா?"

சோயாவைப் பற்றித் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெட்டியை அவள் கடை வாசலில் வைத்தேன்.

அதற்குள் சந்துமுனைக் கம்பத்தடியில் தூக்குவண்டி வந்து நின்றது. நான் ஓடிப்போய் மின்வாரிய ஆளிடமும் குனிந்தேன்; அக்காவும் பின்னாலேயே வந்தாள். அவன் விழித்தான். "நீங்க யாருக்குப் பணம் கட்டினாலும் கரண்ட் வர்றது இதே கம்பியிலதாம்மா. நீங்க கம்பெனி மாறினதால தெருவுல கரண்ட் போகாது."

போன உயிர் திரும்பியது. உயிரோடு வாயும் திரும்பியதுதான் வினை. "கேட்டுக்கிட்டியாக்கா? என் மேல தப்பே இல்ல! விஷயம் தெரியாம என்னைப் பயமுறுத்தி வெச்சிருந்தியே!" என்று சந்தே கேட்கக் கத்தினேன்.

அவன் கம்பத்தின் மேலே போய்ப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினான். "காக்காக் கூடு. மழையில நனைஞ்சு ஷார்ட் ஆயிருக்கு" என்று ஒரு பெரிய குப்பையைத் தரையில் வைத்தான். குச்சி கொஞ்சம்தான். மீதியெல்லாம் கம்பி ஹேங்கர். அத்தனையும் ரோஸ்.

அக்கா குனிந்து ஒன்றை எடுத்தாள். அதைப் பார்த்தாள். என் வாசல் அறிவிப்பைப் பார்த்தாள். என்னையும் பார்த்துவிட்டு, கடைக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொண்டுபோன பெட்டி வாசலிலேயே கிடந்தது.

மறுபடி இனிப்புக் கடை. "இன்னும் பெரிய தப்பா?" என்றாள் கடைக்காரம்மா. அன்று முழுக்க வீடு வீடாகக் குனிந்தேன். எல்லோரும் பெட்டியை வாங்கிக்கொண்டு நல்லபடியாகவே பேசினார்கள். அக்காவின் கதவு மட்டும் திறக்கவில்லை.

சாயங்காலம் குளிக்கத் தனியாகப் போனேன். வழக்கமான மூலையில் உட்கார்ந்து, பக்கத்து முக்காலியில் வேறு யாரும் உட்காராதபடி என் வாளியை வைத்தேன். வெகுநேரம் காத்திருந்தேன். இனி வர மாட்டாள் என்று எழுந்திருக்கப் போனபோது, வாளியைத் தள்ளிவிட்டு ஓர் உருவம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

"தேய்" என்றாள் அக்கா.

தேய்த்தேன்.

"தேய்ச்சுக்கிட்டே உண்மையைச் சொல்லு. இன்னும் என்ன ஒளிச்சு வெச்சிருக்கே?"

"அலமாரிக்குள்ள ஒரு ஸ்டிக்கர்க்கா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி எட்டிப் பார்த்தால், சிரிக்கிறாள்! குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"நாளைக்கு அதை எடுத்து வாசல்ல ஒட்டு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மொதல்ல அந்த நேர்மை போர்டைக் கிழிச்சுப் போடு. பாவம், காக்கா படிச்சா வருத்தப்படும்."

"சரிக்கா."

"திரும்புடி."

திரும்பி உட்கார்ந்தேன். தோல் உரிகிற மாதிரி தேய்த்தாள். நான் முதுகை இன்னும் நன்றாகக் காட்டினேன்.