காது மடிந்த முயல்

மருந்துக்கடையில் பில் போடும் சின்னவளுக்கு நாற்பது வயதில் படம் வரையும் ஆசை வந்தது. அச்சகம் நடத்தும் அண்ணன் தன் பழைய கம்ப்யூட்டரை, அதிலிருந்த பழைய வரைகலை மென்பொருளோடு கொடுத்தான். பாடம் சொல்லும் வீடியோக்களிலோ எல்லாம் புதிய பதிப்பு. அவர்கள் அமுக்கச் சொல்லும் பட்டன் இவள் திரையில் இருக்காது.

"அண்ணா, புதுசுக்கு மாறிடட்டுமா?"

"இப்பத்தான் எழுத்துக்கூட்டுற, உனக்கு எதுக்கு அது? பழசே போதும். வரைஞ்சதை எனக்கு அனுப்பு, தப்பு இருந்தா சொல்றேன்."

அனுப்பிக்கொண்டே இருந்தாள். "இன்னும் கை வரலை" என்பதே எப்போதும் அவன் பதில்.

ஒருநாள் மருந்து வாங்க வந்த பெண்ணின் கையில் ஒரு துணிக்கடைப் பை. அதன்மேல் ஒரு காதை மடித்தபடி, சின்னவள் அண்ணனுக்கு வரைந்து அனுப்பிய முயல் அச்சாகி உட்கார்ந்திருந்தது. அடியில் அண்ணனுடைய அச்சகத்தின் பெயர்.

மாலையில் அச்சகத்துக்குப் போனாள். சுவரில் அவளுடைய கிளியும் குடை பிடித்த தவளையும் மாதிரிகளாகத் தொங்கின. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அண்ணனின் கையெழுத்து.

"நம்ம வீட்டுப் பொண்ணு வரைஞ்சதுதானே, யார் பேர்ல போனா என்ன?" என்றான் அவன், தலை நிமிராமல்.

"கை வரலைன்னு சொன்னியே, அண்ணா."

அவன் தாள்களை அடுக்கத் தொடங்கினான்.

படத்தை எடுத்துக்கொண்டதைக்கூடப் பொறுத்திருப்பாள். தன் கையையே நம்பாதபடி செய்துவிட்டானே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

புதிய பதிப்பு வேண்டாமென்று அன்றே முடிவெடுத்தாள். ஒரு கடை தன் பையில் போட்டுக்கொள்ளும் முயலை அந்தப் பழசில்தானே வரைந்திருக்கிறாள். ஆனாலும் திறந்து வைத்த வெள்ளைப் பக்கத்தில் அன்று ஒரு கோடுகூட விழவில்லை.