சுந்தரம்மா வைத்த ஈஸ்டர் கெடு

சுந்தரம்மா யாரையும் லேசில் நம்ப மாட்டாள். அவள் பிழைப்பே அதுதான். சித்தூர் பக்கத்தில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் டின் பார்க்கும் வேலை. கூழ் அடைத்த டின்கள் கிடங்கில் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு மூடியையும் விரலால் அழுத்தி, சின்னக் கட்டையால் தட்டிச் சத்தம் கேட்பாள். உள்ளே புளித்திருந்தால் மூடி லேசாக உப்பும், சத்தமும் மாறும். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறாள். பக்கத்தில் லேபிள் ஒட்டுகிறவள் நான். மத்தியானம் நான் நீட்டும் குழம்பைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றிக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "விஷமா கலந்துக்கினு வந்திருக்கேன்?" என்பேன். "உனுக்கே தெரியாம கெட்டுப்போயிருக்கும் அக்கா" என்பாள் சாவகாசமாக.

இப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு ஆளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். அவள் புருஷன் தமிழரசு. வேன் டிரைவர். நல்ல குரல்; ஆலயத்தில் அவன் கீர்த்தனை எடுத்தால் பாட்டுக்குழு வாயை மூடிக்கொள்ளும். ஆனால் மொடாக் குடிகாரன். விட்டுவிட்டேன் என்பான், இவளும் நம்புவாள். ஒரு கிறிஸ்துமஸ் அன்று வேதத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். புது வருட ஆராதனைக்கு வரும்போதே தள்ளாடினான். கடைசியில் மகள் பிரித்திகாவை முதல் திருவிருந்துக்குத் தகுதியாக்கும் திடப்படுத்தல் ஆராதனை. பிஷப் அவள் தலையில் கை வைத்து ஜெபித்துக்கொண்டிருக்கையில், அப்பன் ஆலயப் படியில் உருண்டு விழுந்தான். வெள்ளைப் புடவையில் மண்டியிட்டிருந்த அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்தேன். அன்றைக்கே சுந்தரம்மா அவன் துணிமணியை மூட்டை கட்டித் தெருவில் வைத்தாள். நல்ல காரியம் செய்தாய் என்று முதலில் சொன்னவள் நான்தான்.

அவன் திருப்பதிக்குப் போய், யாத்திரை வருகிறவர்களுக்கு வேன் ஓட்டிப் பிழைத்தான். இரண்டு வருடம் கழித்து, இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய உபவாசக் காலமான லெந்து நாட்கள் தொடங்கிய அன்று போன் செய்தான். பதினோரு மாதமாகத் தொடவில்லை, வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டான்.

"ஈஸ்டர் வரைக்கும் உனுக்குக் கெடு," என்றாள் இவள். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் எம்பக்கத்துல மண்டி போட்டு திருவிருந்து எடு. எடுத்தா வீட்டுக்கு வா. எடுக்கலன்னா எந்த ஜென்மத்துக்கும் எம்மொகத்துல முழிக்காத."

எங்கள் சபையில் எவ்வளவு பெரிய போக்கிரியும் மனசில் அழுக்கை வைத்துக்கொண்டு திருவிருந்தில் தரும் அப்பத்துக்கும் திராட்சரசத்துக்கும் கை நீட்டப் பயப்படுவான். ஆண்டவருடைய சரீரம், ஆண்டவருடைய ரத்தம், விளையாட்டுக் காரியமா? எந்த டாக்டர் பரிசோதனையையும் விட இது அவளுக்குப் பெரிது.

அந்த நாற்பது நாளும் அவள் அவனைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. வீடியோ காலில் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வாள், கட்டிலுக்கு அடியில் காட்டச் சொல்வாள். ஒரு சனிக்கிழமை லீவு போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் திருப்பதி பஸ் ஏறினாள். அவன் அறைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரரைக் குடைந்தாள். "ஆயன தாகரு அக்கா," என்றார் அவர். அவர் குடிக்க மாட்டார் என்று தெலுங்கில் மூன்று முறை சொல்லியும் இவள் முகம் தெளியவில்லை. "டெய்லி ரெண்டு டீ, அந்தே", அவ்வளவுதான் என்றும் சேர்த்துக்கொண்டார் பாவம். திரும்பி வரும்போது, பஸ் புத்தலப்பட்டு ஊரைத் தாண்டியதும் அவள், "குடிக்காதவனுக்கு எதுக்கு ரெண்டு டீ?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்குப் பயம். இன்னொரு தடவை நம்பி ஏமாந்தால் தாங்க முடியாது என்கிற பயம். அது புரிந்தபோது எனக்கு என் சிரிப்பின் மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஈஸ்டர் ஆராதனை விடியற்காலை ஐந்து மணிக்கு. வெள்ளைச் சட்டையில் வந்து நின்றான் தமிழரசு. முந்தின நாளே வந்து பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் தங்கினானாம். "அங்க இன்னா செஞ்சிக்கினு இருந்தானோ," என்று என் காதைக் கடித்தாள்.

போதகர் அன்று நன்றாகப் பிரசங்கம் செய்தார். ஈஸ்டர் என்றால் பட்ட காயம் மறைந்துபோன சந்தோஷம் என்று நினைக்காதீர்கள், உயிர்த்தெழுந்து வந்தவர் கையில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது என்றார். கூட இருந்தவர்களே நம்பவில்லை. சந்தேகப்பட்டவனை அவர் கோபித்துக்கொள்ளாமல், தொட்டுப் பார் என்று கையை நீட்டினார் என்றார். நான் சுந்தரம்மாவைப் பார்த்தேன். அவள் போதகரைக் கவனிக்கவே இல்லை. ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டையைத்தான் கவனித்தாள்.

திருவிருந்து தொடங்கியது. வரிசை எழுந்தது. பீடத்துக்கு நாலடி இருக்கும்போது தமிழரசு நின்றான். முன்னால் மண்டியிட்டிருந்தவரின் உதட்டுக்குப் போதகர் பாத்திரத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார். அதையே பார்த்தான். சட்டென்று திரும்பி வெளியே நடந்தான்.

சபையில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். குடித்திருக்கிறான், அதனால்தான் ஆண்டவரின் பந்திக்கு வரப் பயந்து ஓடுகிறான் என்று நானும் முடிவு கட்டினேன்.

சுந்தரம்மா வரிசையை விட்டு வெளியே ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். வேப்பமரத்தடியில் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

"ஊது."

அவன் ஊதினான். அவள் முகர்ந்தாள்.

"இன்னொரு தபா."

மறுபடியும் ஊதினான். கோபப்படவில்லை. கண்ணில் நீர் நின்றது.

"வாசனை இல்ல. அப்பறம் ஏன்யா ஓடியாந்த? எந்தப் பாவத்தை மறைச்சிக்கினு இருக்க?"

"அந்தத் திராட்சரசம், சுந்தரம்," என்றான். "வாசனை மூக்குல ஏறிச்சி. பன்னெண்டு மாசமா ஒரு சொட்டு தொடல. அது ஆண்டவரோட ரத்தம்னு எனுக்குத் தெரியும். என் நாக்குக்குத் தெரியாதே. நாக்குல பட்டா நேரா எங்க போவேன்னு எனுக்கே பயமாகீது. நீ வச்ச கெடுவுல நான் தோத்துட்டேன். போறேன்."

இது அதுவரை எங்களில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. குடியை விட்டதற்கு அத்தாட்சியாக ஒரு பாத்திரம் திராட்சை ஒயினை அவன் வாயருகே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம். வெட்கத்தில் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சுந்தரம்மா பிடித்த சட்டையை விடவில்லை. அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கடைசி வரிசை முடிந்துகொண்டிருந்தது. அவனை மண்டியிட வைத்து, பக்கத்தில் தானும் மண்டியிட்டாள். இருவர் கையிலும் போதகர் அப்பத்தை வைத்தார். புசித்தார்கள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவனிடம் வந்தபோது அவள் குறுக்கே கையை நீட்டினாள்.

"இவருக்கு வேணாம் ஐயா. அப்பம் போதும்."

போதகர் அவன் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினார். எனக்குத் தெரிந்து ஒரு ஈஸ்டருக்கும் அவள் அதை விட்டதில்லை.

"எனுக்கும் வேணாம் ஐயா," என்றாள்.

போதகர் இருவர் தலையிலும் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு நகர்ந்தார். தமிழரசு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அழவில்லை. எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"லாட்ஜ காலி பண்ணிட்டு வீட்டுக்கு வா," என்றாள். "ஆனா டெய்லி ஊதணும்."

"ஊதறேன்," என்றான்.