ஒரு தாள் கூடிய கோப்பு

என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. கல்யாணமான புதிதில் நான் பூட்டிய கதவை அவர் மூன்று தடவை இழுத்துப் பார்த்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆவணக் காப்பகத்தில் முப்பத்தோரு வருடம் கோப்புகளை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி அடுக்கியவர். தாள்களை எண்ணாமல் தரவும் மாட்டார், வாங்கவும் மாட்டார். அலுவலகத்தில் அவருக்கு 'எண்ணிக்கை' என்றே பேர்.

ஓய்வு பெற ஒன்பது நாள் இருக்கையில் ஒரு பேராசிரியர் வந்து, எங்கள் மாநிலத்துக்குப் பேர் வந்த கதையுள்ள கோப்பைக் கேட்டார். முன்பு நாங்கள் பெரிய மாகாணத்தின் ஒரு மூலை; தனிப்பேரே கிடையாது. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து தனி மாநிலம் கேட்டுக் கொடுத்த மனுவில்தான் இன்றைய பேர் முதலில் வருகிறது. யாருக்கு முதலில் தோன்றியது என்று எவருக்கும் தெரியாது.

"அந்தாளு பார்வையே சரியில்ல. எதையோ உருவப் போறான்" என்றார் இவர்.

"உங்களுக்கு யாரைத்தான் பிடிச்சிருக்கு? பேசாம சாப்பிடுங்க."

நான்காம் நாள் மாலை கோப்பு திரும்பியது. போனது இருநூற்றுப் பன்னிரண்டு தாள். வந்தது இருநூற்றுப் பதின்மூன்று! கூடுதலாக இருந்தது ஒரு கடிதம். மனுவுக்கு இரண்டு வருடம் முந்தைய தேதி. பேராசிரியரின் தாத்தாதான் அந்தப் பேரைச் சூட்டினார் என்றது. அதைப் பாடப்புத்தகத்தில் போடவும் பேராசிரியர் பேசி முடித்திருந்தாராம்.

மேலதிகாரி இவரையே பிடித்துக்கொண்டார். "தாள் குறைஞ்சாத்தான் திருட்டு. கூடுனா உங்க எண்ணிக்கை தப்பு. 'தப்பா எண்ணிட்டேன்'னு எழுதிக் கொடுத்துட்டு நிம்மதியா வீட்டுக்குப் போங்க." மன்னிப்புக் கடிதத்தை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்துதான் பாக்கி.

"இதுல கையெழுத்துப் போட்டா, முப்பத்தோரு வருஷமும் நான் செஞ்சது தப்புன்னு ஆயிடுமே" என்று இவர் அன்று தட்டையே தொடவில்லை.

மறுநாள் மேலதிகாரி அறையில், பேராசிரியர் முன்னாலேயே இவர் கோப்பை ஜன்னலோரம் வைத்துப் பிரித்தார். நாற்பதாம் தாளிலிருந்து தொண்ணூறாம் தாள் வரை, ஒரே இடத்தில் பூச்சி அரித்த துளை. தாத்தாவின் கடிதம் ஐம்பத்தெட்டாவதாக இருந்தது. அதில் மட்டும் துளை இல்லை.

"முன்னயும் பின்னயும் தின்ன பூச்சி, உங்க தாத்தாவ மட்டும் ஏன் சார் விட்டுச்சு?"

பேராசிரியர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மேலதிகாரி அசடு வழிய மன்னிப்புக் கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

இவர் கையை நீட்டினார். "அந்த நாலு துண்டையும் என்கிட்ட குடுங்க சார். நாளைக்கு ஒட்டி எடுத்துட்டு வருவீங்க."