சுண்ணாம்பு விழுந்த மூலை

மழை விட்ட காலை. விவசாய இலாகா ஆள் என் மாட்டுப்பண்ணை மண்ணை அங்கங்கே தோண்டி, மருந்துத் துளி விட்டுப் பார்த்தார். எங்கும் சிவந்தது. வேலியோர மூலையில் மட்டும் பச்சையானது.

“இங்க மட்டும் புளிப்பே இல்லண்ணே. சுண்ணாம்பு போட்டீங்களா?”

ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் இது ரப்பர் தோட்டம். கூலிகள் குடியிருந்த லயத்தில் பேதி கண்டபோது, என் அக்காவையும் இன்னும் பலரையும் இந்த மூலையில் ஒரே குழியில் இறக்கினார்கள். மேலே மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொட்டினார்கள். மழை பிடித்ததும் சுண்ணாம்பு கொதித்துக் குழி புகைந்தது. பிள்ளைக்கு மூச்சு வருகிறது என்று அம்மா ஓடிப்போய் மண்ணில் காது வைத்தாள். இழுத்துத்தான் வரவேண்டியிருந்தது. அதன்பின் எங்கள் பசுவின் முதல் பாலை தினமும் அங்கேதான் ஊற்றுவாள். பசுவை அங்கே மேய விட்டதில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது இந்தத் துண்டையே கேட்டு வாங்கினேன்.

“அந்தக் காலத்துல தொரைதான் போடச் சொன்னாரு,” என்றேன்.

“வெவரமான தொரைலா. இங்க புல்லு நல்லா வரும். மாட்ட இங்கயே கட்டுங்கண்ணே.”

அவர் போய்விட்டார். வெயில் ஏறியது. அவர் தோண்டிய துளையிலிருந்து லேசாக ஆவி எழுந்தது.

நான் குனிந்து காது வைத்தேன்.